கீழே விழுந்த கைப்பிரதி: திருவல்லிக்கேணியில் நடந்த ஒரு தெரு ஊழியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருவல்லிக்கேணியில் ஒரு சனிக்கிழமை மாலை, சுவிசேஷக் கைப்பிரதி (அச்சடித்த துண்டுப் பிரசுரம்) கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சபைக் குழுவைச் சுற்றி முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சத்தம் பெரிதானது. போலீஸ் வந்தது. குழு காவல் நிலையம் வரை போய், எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, வழக்கும் பதிவாகவில்லை. மறுநாள் ஞாயிறு ஆராதனையில், "இயேசுவின் நாமத்துக்காக நம் பிள்ளைகள் பாடு அனுபவித்தார்கள்" என்று சாட்சி சொன்னார்கள். அந்த வட்டார முஸ்லிம் இளைஞர்களின் வாட்ஸ்அப்பில், "நம்ம மார்க்கத்தை அசிங்கப்படுத்த ஆள் அனுப்பியிருக்காங்க" என்ற செய்தி முந்தின ராத்திரியே சுற்றிவிட்டது. இரு பக்கமும் விசாரித்த பிறகு சொல்கிறேன்: இந்த இரண்டு கதையும் நடந்ததோடு ஒட்டவில்லை.

தெரு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தச் சபையின் கமிட்டி கேட்டுக்கொண்டதால் குழுவில் இருந்தவர்களிடமும், அன்று எதிரே நின்றவர்களில் பேசச் சம்மதித்தவர்களிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசினேன். ஆட்களின் பெயர், சபையின் பெயர், தெருவின் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. முஸ்லிம்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேச வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். அவர்களுக்கு இந்த ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

குழுவும் இடமும்

குழுவில் ஏழு பேர். தலைவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் அவரை "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு அக்காமார். பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலிலும் பல வருஷம் ஊழியம் செய்து பழகியவர்கள். ஒரு பாட்டு, ஒருவருடைய சிறு சாட்சி, அப்புறம் கைப்பிரதி. இதுதான் அவர்கள் முறை. அந்த இடங்களில் அது பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடந்தது. வேண்டாதவர்கள் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திருவல்லிக்கேணி அப்படிப்பட்ட இடம் இல்லை. பார்த்தசாரதி கோயில், ஆர்க்காடு நவாப் குடும்பம் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல், ஜாம் பஜார், மேன்ஷன்கள் எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள் அடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 9.45 சதவீதம், கிறிஸ்தவர்கள் 7.72 சதவீதம். ஆனால் சதவீதத்தை வைத்து இந்தப் பக்கத்துத் தெருக்களைப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டில் உருது பேசுகிற பழைய குடும்பங்கள், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள், வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து வந்தவர்கள் என்று ஒரே தெருவில் பல வகை மக்கள் இருப்பார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். வெளியாள் வந்து நின்றால் பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் முஸ்லிம்களிடையே கிறிஸ்தவ ஊழியம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து ராயப்பேட்டையில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்றே சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் 19-ஆம் நூற்றாண்டில் ஹாரிஸ் பள்ளியை நடத்தியது. 1865-இல் அதன் தலைமையாசிரியராக வந்த எட்வர்ட் செல், இஸ்லாமிய மூல நூல்களைப் படித்து, 1880-இல் இஸ்லாமிய நம்பிக்கை பற்றி நூலே எழுதினார். அவர் எழுதியதில் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அதில் இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு முன்னால் படித்தார், படித்த ஊரிலேயே பல வருஷம் இருந்தார். நம் குழு அந்த மாலை முதல்தடவையாக அங்கே போய் இறங்கியது.

கைப்பிரதி

வெளியூர் அமைப்பு ஒன்றிடமிருந்து ஒரு பண்டலாக வந்தது. ஐந்நூறு பிரதி, மடித்த நான்கு பக்கம், பளபளப்பான தாள். முகப்பில் ஈசா நபியைப் பற்றி, அதாவது முஸ்லிம்கள் இயேசுவை அழைக்கும் பெயரில், ஒரு கேள்வி. உள்ளே குர்ஆனின் 3:45, அப்புறம் 4:171-இன் முதல் பாதி. அதற்குக் கீழே யோவான் சுவிசேஷத்திலிருந்து வசனங்கள். கடைசிப் பக்கத்தில் அழகுக்காக, அரபி எழுத்தில் பெரிதாக அல்லாஹ்வின் பெயர். அனுப்பிய அமைப்பின் பெயர் இல்லை, முகவரி இல்லை, அச்சடித்த பிரஸ்ஸின் பெயரும் இல்லை.

குழுவில் யாரும் அதை முழுசாகப் படிக்கவில்லை. "முஸ்லிம்களுக்குன்னு தயாரிச்சது, நல்லாயிருக்கும்னு சொன்னாங்க" என்றார் ஒரு அக்கா.

நடந்தது

ஐந்தரை மணிக்கு ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று, சின்ன ஸ்பீக்கர் வைத்துப் பாட ஆரம்பித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. டீக்கடைக்காரர், அவரும் முஸ்லிம்தான், அக்காமாருக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) பாங்கு கேட்டதும் அண்ணன் ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னார். பின்னால் நான் பேசிய முஸ்லிம்களில் மூன்று பேர் இதைத் தாங்களாகவே நினைவு வைத்துச் சொன்னார்கள்: "பாங்கு சொல்றப்ப நிறுத்துனாங்க, அதைச் சொல்லணும்."

தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வர, இரண்டு மாணவர்கள் எதிரே போய் நின்று வேகமாகக் கைப்பிரதி கொடுத்தார்கள். பெரும்பாலோர் வாங்கினார்கள். கையில் திணிக்கிறதை வாங்காமல் போவது மரியாதையில்லை என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். சிலர் சட்டைப் பையில் வைத்தார்கள். சிலர் நாலடி தள்ளிப் போய்க் கீழே போட்டார்கள். பைக்கும் ஆட்டோவும் அதன்மேல் ஏறிப் போயின.

ஒரு வயசான பெரியவர் குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. கூட வந்த பேரன் என்னவென்று பார்த்து, அரபி எழுத்தைக் கண்டதும் மாணவரிடம் ஓடிவந்து கத்தினான்: "அல்லாஹ் பேரை ரோட்ல போட்டு மிதிக்க விடுறீங்களா?" அந்தச் சந்தடியில் மாணவர் காதில் விழுந்தது "அல்லாஹ்" என்ற ஒரு சொல்தான். விவாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கைப்பிரதியிலுள்ள கேள்வியை எடுத்து வைத்தார்: "உங்க குர்ஆனே ஈசாவை அல்லாஹ்வின் வார்த்தைன்னு சொல்லுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டம் சேர்ந்தது. எதிர்க்கடையில் பைண்டிங் வேலை செய்கிறவர், ஐம்பது வயதுக்காரர், இறங்கி வந்து கைப்பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, "பாதி ஆயத்தைப் போட்டு மீதியை விட்டுட்டீங்களே, இது நியாயமா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பதில் இல்லை. சிலுவையே நடக்கவில்லை என்று 4:157-ஐச் சொன்னார். அதற்கும் மாணவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பதற்றத்தில் அண்ணன் கண்ணை மூடி, "கர்த்தாவே, இவர்களை மன்னியும்" என்று உரக்க ஜெபிக்க, "நாங்க என்ன தப்பு பண்ணோம், எங்களை எதுக்கு மன்னிக்கணும்?" என்று சத்தம் இன்னும் ஏறியது. ரோந்து வந்த போலீசார் குழுவை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

கோபம் எதைப் பற்றியது

குழுவின் அறிக்கையில் "இயேசுவை தேவனுடைய குமாரன் என்று சொன்னதால் எதிர்த்தார்கள்" என்று எழுதியிருந்தது. நான் விசாரித்தவரை அன்று அதைப் பற்றி யாரும் கோபப்படவில்லை. கிறிஸ்தவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள் என்பது திருவல்லிக்கேணியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பாங்கு வரைக்கும் ஸ்பீக்கரில் அதைத்தானே பாடிக்கொண்டிருந்தார்கள்?

கோபம் தரையில் கிடந்த தாளைப் பற்றியது. இறைவன் பெயரோ வேத வாசகமோ எழுதிய தாள் காலில் படக்கூடாது என்பதில் முஸ்லிம்கள் மிகக் கண்டிப்பாக இருப்பார்கள். குர்ஆனைத் தரையில் வைக்கமாட்டார்கள், ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது) இல்லாமல் தொடமாட்டார்கள். கிழிந்து நைந்துபோன குர்ஆன் தாள்களைக் குப்பையில் போடாமல், சேர்த்து வைத்து மண்ணில் புதைப்பார்கள். நாம் வேதாகமத்தை மதிப்பது வேறு விதம். வரிக்கு அடியில் கோடு போடுவோம், ஓரத்தில் குறிப்பெழுதுவோம், பயணத்தில் பைக்குள் துணியோடு துணியாக வைப்போம். வசனம் அச்சடித்த தாள் சென்ட்ரல் வாசலில் கிடந்தால் நமக்கு அது ஒரு தாள், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரைப் பிறகு பார்த்தேன். அன்று பொறுக்கியதை லுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அரபி எழுத்து இருந்த பக்கம் கிழிந்துபோய், யோவான் வசனம் மட்டும் மிஞ்சிய துண்டுகளும் அதில் இருந்தன. "இதையும் எடுத்து வெச்சிருக்கீங்களே ஐயா" என்றேன். "அதுவும் வேதம்தானே தம்பி. அதை மட்டும் மிதிக்க விடலாமா?" என்றார். எங்கள் வேத வசனத்தை அன்று தெருவில் காப்பாற்றியது அவர் ஒருவர்தான். ஞாயிறு சாட்சியில் அவரும் "எதிர்த்தவர்கள்" கணக்கில் சேர்ந்துவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு அது வலிக்கிறது.

மாணவரிடம் இதைச் சொன்னபோது, "கீழே போட்டது அவங்கதானே அண்ணா, நாங்க இல்லையே" என்றார். நியாயமான கேள்விதான். பைண்டிங் பாயிடம் அதே கேள்வியை வைத்தேன். "விசாரிச்சு, நின்னு, வேணுமான்னு கேட்டுக் கொடுத்திருந்தா வாங்கினவன் கீழே போடமாட்டான். பிட் நோட்டீஸ் மாதிரி கொடுத்தா பிட் நோட்டீஸ் மாதிரிதான் போடுவான்" என்றார். ஐந்நூறு பிரதியை ஒரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும் என்று கிளம்பினால் இதுதான் நடக்கும். எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்று வாராவாரம் கணக்கெழுதுகிற பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. அந்தக் கணக்கு ஊழியத்தைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பாதி வசனம்

இது முதல் தவறைவிடப் பெரியது, ஏனென்றால் இது உண்மை சம்பந்தப்பட்டது.

குர்ஆனின் 4:171, மர்யமின் மகன் ஈசா மஸீஹை அல்லாஹ்வின் தூதர் என்றும், மர்யமிடம் அனுப்பிய அவனது வார்த்தை என்றும், அவனிடமிருந்து வந்த ஓர் ஆவி என்றும் சொல்கிறது. அதே வசனம் தொடர்ந்து, மூன்று என்று சொல்லாதீர்கள், அல்லாஹ் ஒருவனே, அவனுக்கு மகன் இருப்பதைவிட்டு அவன் தூயவன் என்று சொல்கிறது. கைப்பிரதி முதல் பாதியை மட்டும் எடுத்து, குர்ஆனே இயேசுவின் தெய்வீகத்தை ஒப்புக்கொள்கிறது என்று முடித்திருந்தது. சின்ன வயதில் மதரசாவுக்குப் போன எந்த முஸ்லிமுக்கும் இந்த வெட்டு கண்ணில் படும். பட்டதும், "குர்ஆனையே வெட்டுறவங்க சொல்ற இன்ஜீலை (சுவிசேஷத்தை) நான் எப்படி நம்புறது?" என்றுதான் தோன்றும்.

நமக்கும் இதே அனுபவம் உண்டு. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28-ஐ மட்டும் எடுத்துக் காட்டி, இயேசுவே தான் தேவன் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று யாராவது வாதாடினால் நமக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது! முழு சுவிசேஷத்தையும் படி என்போம். அதையே அவர்களும் நம்மிடம் கேட்கிறார்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளைக்குள் பிறனுடைய வேதமும் அடங்கும் என்றே நான் நம்புகிறேன்.

முஸ்லிம்களிடம் பேசக் குர்ஆன் வசனத்தை எடுக்கவே கூடாதா என்று பயிற்சியில் கேட்பார்கள். படித்திருந்தால் எடுக்கலாம். மர்யமின் பெயரில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் மர்யம். கன்னியிடம் பிறந்தது, குருடருக்குப் பார்வை கொடுத்தது, மறுபடி வரப்போவது பற்றியெல்லாம் முஸ்லிம்களிடமும் நம்பிக்கை உண்டு. ஈசா நபியை மதிக்காத முஸ்லிம் முஸ்லிமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. ஆனால் அவர்கள் வேதத்தை நம் பக்கச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது வேறு. நமக்குச் சொல்ல நம்முடைய வேதமே போதும்.

சட்டம்

காவல் நிலையத்தில் ஒரு மாணவர், "எங்களுக்கு அடிப்படை உரிமை இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. "பரப்ப" என்பதை வைப்பதா எடுப்பதா என்று 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் வாதம் நடந்தபோது, அதை வைக்க வேண்டும் என்று பேசியவர்களில் சென்னை மாகாணத்துக்காரர்களான டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் கே. சந்தானமும் உண்டு. கிருஷ்ணமாச்சாரி கிறிஸ்தவ நிறுவனங்களில் பல ஆண்டு படித்தவர். அங்கே தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்பதையும் அவர் அவையில் சொன்னார். நமக்கு இந்த உரிமை கிடைக்க ஒரு காரணம், முன்னோடிகள் அதை வற்புறுத்தலாக மாற்றாமல் இருந்தது.

அந்த உரிமை பொது ஒழுங்குக்கு உட்பட்டது. பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. இப்போது அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் சென்னையில் கூட்டம் கூட்டினால் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இருக்கிறது. ஸ்பீக்கர் வைத்தால் ஒலி மாசு விதிகளின்படி அனுமதி வேண்டும். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவின் கீழ் மூன்று வருஷம் வரை சிறை. பழைய 295ஏ-தான் இது. அந்தப் பிரிவு 1927-இல் பிறந்ததே, லாகூரில் அச்சான ஒரு சிறு நூல் கிளப்பிய கலவரத்தால்தான். கைப்பிரதி கொடுக்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அன்று குழுவிடம் எந்த அனுமதியும் இல்லை. விட்டுவிட்டது அந்த அதிகாரியின் நிதானம்.

பைண்டிங் கடையில்

அடுத்த வாரம் அண்ணன் தனியாக அந்தத் தெருவுக்குப் போனார். யாரும் சொல்லி அவர் போகவில்லை. முதுகு பிரிந்துபோன தன் பழைய வேதாகமத்தையும் கையில் எடுத்துக்கொண்டார், பைண்டிங்குக்குக் கொடுக்க. பாய் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க பாஸ்டர்" என்றார். "நான் பாஸ்டர் இல்ல பாய், சும்மா விசுவாசி" என்றார் இவர். முதலில் தரையில் கிடந்த தாளுக்காக மன்னிப்புக் கேட்டார். அப்புறம் புத்தகத்தை நீட்டினார்.

அவர் வேலை செய்வதை நானும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழாயில் கை கழுவி, துடைத்து, மேஜை மேல் சுத்தமான துணி விரித்த பிறகுதான் வேதாகமத்தைத் தொட்டார். காய்ந்த பசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். தாள் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நைந்த நூலை உருவிவிட்டு, புது நூல் கோத்துத் தைத்தார். ஆதியாகமத்தின் முதல் தாள் ஓரம் பொடிந்திருந்தது. மெல்லிய தாளை ஒட்டிப் பலப்படுத்தினார். "இந்தத் தாளு ரொம்ப மெல்லிசு, மைதா பசை தாங்காது" என்று வேறு பசையை எடுத்தார். கைப்பிரதியைப் பற்றி அவருக்கு இருந்த இன்னொரு குறையையும் அப்போதுதான் சொன்னார்: "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கல்யாணப் பத்திரிகையில இருந்து கட்சி நோட்டீஸ் வரைக்கும் அடியில பிரஸ் பேர் இருக்கும். உங்க காகிதத்துல யார் அடிச்சாங்க, யார் கொடுக்கச் சொன்னாங்க, ஒண்ணுமே இல்ல. பேர் போடாம வர்ற காகிதத்தப் பார்த்தா பயமாத்தான் இருக்கும்."

வேலை முடிவதற்குள் அண்ணன் இரண்டு மூன்று தடவை போய்விட்டார். அப்படி ஒரு நாள், கடையில் வேறு ஆளில்லாதபோது, பாயே கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நபிமார்களை அல்லாஹ் கைவிடமாட்டான்னு நாங்க நம்பறோம். ஈசா நபியை அப்படிச் சாக விட்டுட்டு இறைவன் சும்மா இருந்தான்னு நீங்க எப்படி ஏத்துக்கறீங்க? அது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

தெருவில் 4:157-ஐ எடுத்து அடித்தவரும் இவர்தான். அங்கே அது தீர்ப்பாக வந்தது, இங்கே கேள்வியாக வந்தது. இந்த நிகழ்வில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். நாற்பது பேர் நடுவில் நிற்கிறவர் தனக்காகப் பேச முடியாது. பக்கத்துக் கடைக்காரர், மச்சான், ஜமாஅத் பெரியவர் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொல்வது அவர்களுக்கான பதில். "யோசிக்கிறேன்" என்றுகூட அங்கே சொல்ல முடியாது. நம் மாணவர்களும் அப்படித்தான். கூட இருந்த நண்பர்கள் முன்னால் தோற்கக் கூடாது என்ற நினைப்பு அவர்களுக்கும் இருந்தது. இரண்டு பக்கமும் தன் ஆட்களுக்குக் கேட்கப் பேசியதில், எதிரில் நின்றவரிடம் யாருமே பேசவில்லை.

அண்ணன் சொன்ன பதில் எளிமையானது. "கஷ்டமாத்தான் இருந்துச்சு பாய், சீஷர்களுக்கே கஷ்டமா இருந்துச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க. வெள்ளிக்கிழமையோட கதை முடிஞ்சிருந்தா நீங்க சொல்றதுதான் சரி. மூணாம் நாள் எழுப்பினார். கைவிடலைன்னு அங்கதான் தெரிஞ்சுது. எங்க நம்பிக்கை முழுசும் அது மேலதான் நிக்குது." பாய் கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு ஒத்துக்க முடியல. ஆனா இப்பதான் நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுது" என்றாராம்.

பைண்டிங் முடிந்து புத்தகம் கைக்கு வந்தபோது, கூடவே ஒரு தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பையும் கொடுத்தார் பாய்: "முழுசாப் படிங்க. அரைகுறையா வேணாம்." அண்ணன் வாங்கிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார்.

சபைக்குள் எழுந்த பேச்சு

குர்ஆனை வீட்டில் வைத்துப் படிக்கிறார் என்று தெரிந்ததும் கமிட்டியில் சிலர் முகம் சுளித்தார்கள். விசுவாசத்தில் தடுமாறிவிடுவார் என்று ஒருவர் பயந்தார். நான் இதில் அண்ணன் பக்கம். அவர்கள் நம் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்கிற நாம், அவர்கள் கொடுத்ததைத் தொடமாட்டோம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பக்கம், "இனி பேசவே வேண்டாம், மருத்துவ முகாம் நடத்தலாம், வெள்ள நேரத்தில் சாப்பாடு கொடுக்கலாம், அதுவே சாட்சி" என்று சிலர் சொன்னார்கள். 2015 வெள்ளத்தில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திறந்துவிடப்பட்டதை எல்லாரும் பார்த்தோம். அது மனிதன் மனிதனுக்குச் செய்வது. அதைத் தூண்டிலாக்கக் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கைப்பிரதி வைப்பதை நான் எந்தச் சபையிலும் அனுமதிக்கச் சொல்வதில்லை. அதே சமயம் நம்பிக்கையை மறைப்பதும் சரியில்லை. பாய்க்குச் சிலுவையைப் பற்றித் தெளிவாகச் சொன்ன பிறகுதான் மரியாதை கூடியது, மழுப்பியிருந்தால் கூடியிருக்காது. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. கேட்கிறவருக்கு என்பதைத் தெரு ஊழியத்தில் நாம் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறோம்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்தத் தெருவில் இருக்கும் ஒரு பையன், கூட்டத்தில் நின்றவன், மாணவர் ஒருவரைக் கல்லூரி வாசலில் தேடி வந்து, இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். விசாரித்தால் வயது பதினேழு. வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான். அண்ணன் அவனிடம் பேசி, "உன் கேள்வியெல்லாம் நல்ல கேள்வி தம்பி, அப்பா அம்மாவுக்குத் தெரியாம நான் உனக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கமாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். ஒரு ஆத்துமாவை இழந்துவிட்டோம் என்று ஒரு மூப்பர் வருத்தப்பட்டார். பெரியவர்களாகவே இருந்தாலும், இஸ்லாமைவிட்டு வெளியே வர நினைக்கிறவருக்கு வீடு, கல்யாணம், கடை எல்லாமே ஆடிப்போகும். மதம் மாறியதால் சொத்துரிமை போகாது என்று 1850-இலேயே சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் சட்டம் வந்து ஒருவரைப் பண்டிகை நாளில் சாப்பிடக் கூப்பிடாது. அந்தப் பாரத்தை யார் கூட நின்று சுமப்பார்கள் என்று யோசிக்காத சபை, ஒரு பதினேழு வயதுப் பையனைக் கூப்பிடவே கூடாது.

இப்போது

மீதியிருந்த கைப்பிரதிகளைக் குப்பையில் போடாமல் பாயிடமே கொடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலில் சேரும் பழைய தாள்களோடு புதைத்துவிடுவதாக அவர் சொன்னார். சபை இப்போது தன் பெயர், முகவரி, பிரஸ் பெயரோடு புதிதாக ஒன்று அச்சடித்திருக்கிறது. அதில் குர்ஆன் வசனமோ அரபி எழுத்தோ கிடையாது. ஒரு விசுவாசியின் சாட்சி, லூக்காவிலிருந்து ஒரு பகுதி, அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு மட்டும் முழு லூக்கா புத்தகம். தொழுகை முடிந்து ஆட்கள் வரும் வாசலில் நிற்பதில்லை. நந்தனத்தில் சென்னை புத்தகக் காட்சி நடக்கும்போது அங்கே போகலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். குர்ஆன் கொடுக்கிற அரங்கும் வேதாகமம் கொடுக்கிற அரங்கும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம் அது. வருகிறவர்கள் புத்தகம் பார்க்கவே வருகிறார்கள். நல்ல யோசனை.

தீராமல் இருப்பது ஒன்றுதான். போலீஸ் அனுமதி வாங்கி, ஸ்பீக்கரோடு அதே தெருவில் மறுபடி நிற்க வேண்டும், இல்லையென்றால் பயந்துவிட்டோம் என்றாகிவிடும் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அண்ணன் வேண்டாம் என்கிறார். அனுமதி வாங்கினால் நிற்க உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இது: ஒரு வருஷத்துக்கு அந்தத் தெருவில் ஸ்பீக்கர் வேண்டாம். அந்த நான்கு மாணவர்களும் முதலில் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தையும் லூக்காவையும் முழுசாகப் படிக்கட்டும். பெரியவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் நன்றி சொல்லட்டும். ஞாயிறு ஆராதனையில் சொன்ன சாட்சியை, அதே இடத்தில் நின்று, நடந்தபடி திருத்திச் சொல்லட்டும்.